தண்ணீர் வந்த நேரத்தில் போட்ட சர்வீஸ்

போன வருடம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டை ஒட்டி எங்கள் குடியிருப்பு. வீடுகளுக்கு நடுவே பொது இடமாக விட்ட ஒரே ஒரு காலி மைதானம். அதில் தினமும் ஒரு மணி நேரம் கேட்டு, நானும் எதிர்வீட்டு மதினியும் இரண்டு கல்லூரிப் பையன்களோடு மோதினோம். என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைக் கேட்டு வாங்கிச் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தினமும் உடம்பு வேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெயின் ரோட்டில் நடந்தால் லாரி, தெருவில் நடந்தால் நாய். அதனால் நாலைந்து பெண்கள் சேர்ந்து மைதானத்தைச் சுற்றி நடந்தோம். அது சலித்துப்போனபோது மதினி ஒரு ரப்பர் வளையம் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஆடிய அதே ரிங்பால்தான். வலைக்கு மேலே வளையத்தை வீச வேண்டும், அந்தப் பக்கம் ஒரே கையால் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். வளையம் காற்றில் தள்ளாடினால் தப்பு. நைலான் கயிற்றைக் கட்டி ஆடிப் பார்த்தோம். கல்யாணத்துக்கு முன்னால் விட்ட வளையம், யாரோ நேற்றுத்தான் வாங்கி வைத்திருந்து திருப்பிக் கொடுத்த மாதிரி என் கையில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்க மாத்திரை இல்லாமல் தூங்கினேன்.

மைதானம் கிரிக்கெட் பையன்களுடையதாக இருந்தது. அஞ்சு மணியில் இருந்து ஆறு மணி வரை மட்டும் கொடுங்கள் என்று கேட்டோம். அவர்களின் கேப்டன், எங்கள் தெருப் பையன், சிரித்துக்கொண்டே, "ரிங்ல எங்கள ஜெயிங்கக்கா, எடுத்துக்கங்க. முழங்கால் மட்டும் பத்திரம்" என்றான். மதினிக்கு வந்ததே கோபம். வர்ற ஞாயிறு, இருபத்தொரு பாயிண்ட், ஆட்டத்தை விட்டுப் பாதியில் போகிறவர் தோற்றவர் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்.

இங்கேதான் நான் கெட்டேன். ஜெயித்தே ஆக வேண்டும் என்று, நான் சர்வீஸ் போடுவதை மகளிடம் போனில் படம் பிடிக்கச் சொன்னேன். பார்த்தால் என் முழங்கை ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகிறது. உடனே யூடியூபில் தேடிப் பிடித்தேன். முழங்கையை ஒட்டி வை, மணிக்கட்டைக் கடைசியில் சுழற்று, இடது காலில் எடையைக் கொடு என்று அந்தக் கோச் அடுக்கினார். அடுத்த நாள் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து வீசினேன். வளையம் கயிற்றிலேயே மோதியது. மோதாமல் தாண்டியது குடிகாரன் மாதிரி தள்ளாடிப் போனது. மறுநாள் இன்னும் மோசம். முன்பு எப்படி வீசினேன் என்பதும் மறந்துவிட்டது. மதினி தையல்காரர். இடுப்பில் கை வைத்து நின்று, "ஏத்தா, மிஷின்ல உக்காந்து நான் என் காலையே பாத்துக்கிட்டிருந்தா ஜாக்கெட்டு தச்ச மாதிரிதான். கையைப் பாக்காம வீசு" என்றார். பாக்காதே என்றால் இன்னும் அதிகமாகத்தான் கண் அங்கே போகிறது.

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டு வந்து நின்றது. பையன்களுக்கு ஆட்டம் தெரியவில்லை, ஆனால் ஓட்டம் தெரிந்தது. எங்கே வீசினாலும் வந்து பிடித்தார்கள். மதினி கயிற்றுக்குப் பக்கத்தில் பேயாக ஆடி எங்களைக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார். நான் சர்வீஸ் போட்டே ஒவ்வொரு பாயிண்டாகத் தாரை வார்த்தேன். அவர்கள் பத்தொன்பது, நாங்கள் பதினாறு. மறுபடி சர்வீஸ் என்னிடம் வந்தது. முழங்கை, மணிக்கட்டு, இடது கால். உள்ளங்கை வேர்த்து வளையம் வழுக்கியது.

அப்போதுதான் கடைசி வீட்டு மொட்டைமாடியில் இருந்து ஒரு குரல். "தண்ணி வந்துருச்சு!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளாகக் குழாய் வறண்டு கிடக்கிறது. எங்களுடையது கடைசித் தெரு. முன்தெருவில் நாலு பேர் மோட்டாரைப் போட்டுவிட்டால் எங்களுக்குக் காற்றுதான் வரும். கைதட்டிக்கொண்டு நின்ற கூட்டம் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. மைதானத்தில் நாங்கள் நாலு பேர் மட்டும். மகள் வெளியே போயிருந்ததால் என் வீட்டிலும் ஆள் இல்லை, மதினி வீட்டிலும் ஆள் இல்லை. கேப்டன் வெகு மரியாதையாக, "போறதுன்னா போங்கக்கா, நாங்க ஜெயிச்சதா வச்சுக்கிறோம்" என்றான்.

மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெரசாப் போடுத்தா, குடம் காலியாக் கெடக்கு."

போட்டேன். எப்படிப் போட்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. என் நினைப்பெல்லாம் நீலக் குடம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறதா, பின்கட்டில் இருக்கிறதா என்பதில் இருந்தது. வளையம் தட்டு மாதிரி படுத்தபடியே பறந்து அவர்களின் மூலையில் விழுந்தது. பதினேழு. டிரம்மைக் கழுவினோமா? பதினெட்டு. குழிக்குள் இறங்கிக் குழாயில் டியூப்பை மாட்ட வேண்டுமே. பத்தொன்பது. பையன்கள் கொஞ்சம் நேரம் கடத்தலாம் என்று வளையத்தை மெதுவாக எடுத்து வந்தார்கள். மதினி போட்ட சத்தத்தில் அதற்கப்புறம் ஓடி ஓடி எடுத்தார்கள். இருபது. கடைசி வளையத்தை மட்டும் கேப்டன் பாய்ந்து பிடித்துத் திருப்பிவிட்டான். அது என் இடது பக்கம் வந்தது. என்றைக்கும் இடது கையால் ஆடாதவள் நான். பிடித்தது, வீசியது எல்லாம் அந்தக் கைதான். வளையம் இரண்டு பையன்களுக்கும் நடுவே விழுந்து உருண்டு போனது. இருபத்தொன்று.

கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. ஜெயித்த இரண்டு பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருக் குழாய்க்கு ஓடினோம்.

குழாயில் தண்ணீர் விரல் கனத்துக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் குடத்தை வைத்து நிமிர்ந்தபோது கேப்டனின் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். "ஏலே, ஆடுனது போதும், தூக்கு" என்று இரண்டு குடத்தை அவன் கையில் கொடுத்தார். அவன் வீட்டுக்குச் சுமந்துவிட்டு, யாரும் கேட்காமலே என் குடத்தையும் மதினி குடத்தையும் தூக்கினான். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கியபடி, "அக்கா, நாளைக்கு அஞ்சு மணிக்கு ஸ்டம்ப எடுத்துர்றோம்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் ஜெயித்தது நினைவுக்கு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தேன்.

இப்போது எங்கள் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பெண்கள் வருகிறார்கள். தண்ணீர் வரும் நாளில் மட்டும் அந்த ஒரு மணி நேரத்தைப் பையன்களுக்கே விட்டுக்கொடுக்கிறோம். மகள் எடுத்த படத்தை அழித்துவிட்டேன். என் முழங்கை இன்றும் கோணலாகத்தான் போகிறதாம், போகட்டும். சர்வீஸ் போட நிற்கும்போது மனசு கையைத் திருத்தக் கிளம்பினால், அந்த நீலக் குடம் எங்கே இருக்கிறது என்று தேட அதை அனுப்பிவிடுகிறேன். அது தேடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் என் கை தன் வேலையை முடித்துவிடுகிறது.