ஒரு ஸ்டார் துக்கம்

அப்பா இறந்து, காரியமெல்லாம் முடிந்து, கடையைத் திறந்து ஒரு மாதம் ஆகியும் புதிதாக ஒரு போன்கூட வரவில்லை. கணபதி ஏரியாவில் எங்களுடையது மோட்டார் வைண்டிங் கடை. புகைந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்போம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கம்பி சுற்றியதெல்லாம் நான்தான். வருகிறவர்களிடம் பேசுவது அப்பா வேலை.

பக்கத்து லேத் பட்டறை அண்ணன் ஒருநாள் தன் போனில் தேடிப் பார்த்தார். வேறு கடைகளாக வந்துகொண்டே இருந்தன. விரலால் தள்ளித் தள்ளி, கடைசியில் எங்கள் கடை.

"ஏனுங் அம்மணி, ஏழு பேரு ஒரு ஸ்டார் போட்டிருக்காங்க. இப்புடி இருந்தா மேப்பு எப்புடி மேல காட்டும்? கம்ப்ளெயின்ட் பண்ணுங்க, தூக்கிருவாங்க."

அந்த ஏழையும் எனக்குத் தெரியும். மதியம் சாப்பிடும்போது தினமும் படிப்பேன். அத்தனையும் துக்கம் விசாரித்து எழுதியவை. அப்பா வேலை முடிந்ததும் எல்லோரிடமும் "ரெண்டு வார்த்தை எழுதிப்போடுங்க" என்பார், அப்போது யாரும் எழுதியதில்லை. அவர் போன சேதி தெரிந்ததும் அதே இடத்தில் வந்து எழுதிவிட்டார்கள். முதலில் எழுதியவர் பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் வாழை வைத்திருக்கும் மாமா. "மாப்ள போயிட்டாப்ல. இனி மோட்டார் சத்தத்தைப் போன்லயே கேட்டு நோவு சொல்ல யாரிருக்கா" என்று இருக்கும். அதற்கு மேலே ஒற்றை ஸ்டார்.

அதைத் தூக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்பாவைப் பற்றி எழுத்தில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் அந்த மாதம் கடையில் கிடந்தது மூன்றே மோட்டார். அதுவும் பழைய ஆட்களுடையது. கடை போய்விடுமோ என்ற பயம் சில நாள் அப்பா இல்லாத துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதை நினைத்தும் அழுதிருக்கிறேன்.

கடை நேரம், என் நம்பர், சுற்றி முடித்த கம்பிச் சுருளின் போட்டோ எல்லாம் மேப்பில் ஏற்றினேன். ஒன்றும் நகரவில்லை.

அப்போதுதான் அந்த மாமா புகைந்துபோன மோட்டாரோடு வந்தார். எழவு வீட்டுக்கு வந்தபோது, எல்லோரையும் போல அவரும் வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போனவர். அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். துக்கம் கேட்டவரிடம் இதைக் கேட்பதா என்று டீ ஆறும்வரை யோசித்தேன்.

"மாமா, மேப்புல நீங்க போட்ட ஒரு ஸ்டாரை அஞ்சாக்க முடியுமுங்களா?"

"எழவு சேதிக்கு அஞ்சா? ஏங் கண்ணு, கண்ணாலத்துல பந்தி நல்லாருக்குதுன்னு சொல்ற மாதிரி இருக்காதா?"

"ஒண்ணு போட்டா கடை சரியில்லைன்னு அர்த்தமுங்க மாமா."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அட கெரகமே! ஸ்டார் போடாம எழுத உடமாட்டேங்குதேன்னு, அடக்கமா இருக்கட்டும்னு ஒண்ணே ஒண்ணு போட்டனே! எங்க சம்பந்திக்கும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன். அதைப் பார்த்துத்தான் மத்தவங்களும் போட்டிருப்பாங்க. கடையக் கெடுத்துப்போட்டனே கண்ணு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போனபின் கடையில் நான் சிரித்தது அன்றுதான்.

"எழுதுனதை அழிச்சுப்போடட்டுமா?"

"அது அப்புடியே இருக்கட்டுங்க மாமா. ஸ்டார் மட்டும்."

"செரி. மாப்ளைக்கு இப்பவே அஞ்சு. உன்ற வேலையப் பத்தி எழுதறது மோட்டார் ஓடுன பொறவுதான். அதுல தாட்சண்யம் இல்ல."

"அப்புடியே செய்ங்க."

மூன்றாம் நாள் மோட்டாரை ஓட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய வரிக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: "இப்ப புள்ள மோட்டார் கட்டுது. சத்தம் சுத்தமா இருக்குது." அங்கேயே நின்று சம்பந்தியைக் கூப்பிட்டார்.

"ஏனுங் சம்பந்தி, அந்த ஒண்ண அஞ்சாக்கிப்போடுங்க. அது துக்கத்துக்கு இல்லீங்களாமா, மார்க்குங்களாமா!"

ஏழில் ஐந்து பேர் மாற்றினார்கள். ஒருவர் நம்பர் கிடைக்கவில்லை. இன்னொருவர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, எழவுக்கு ஒன்றுதான் என்றுவிட்டார். இருக்கட்டும். இப்போது தேடினால் எங்கள் கடை மூன்றாவதாக வருகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் புதிதாகக் கூப்பிடுகிறார்கள். மோட்டார் சத்தத்தைப் போனில் கேட்டு நோவு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மோட்டாரை ஓட்டிக் காட்டிய அன்றைக்கு மாமா அதை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு, கிளம்பும்போது கடைப் பக்கம் திரும்பி, "வாரேன் கண்ணு" என்றார்.

"வாங்க மாமா" என்றேன்.