சர்க்கார் கணக்குல வுட்டுப்போன புள்ள

ஜனத்தொகை கணக்கு எடுக்க வரப்போறாங்களாம், இந்த தபா போன்லயே எழுதிப்பாங்களாம். பேத்தி சொல்லிச்சு. எனக்கு ஒரே குஷி. எழுதப் படிக்கத் தெரியாட்டி இன்னா, என் பேரு சர்க்கார் பேப்பர்ல ஏறுன கதை எனக்குத்தானே தெரியும்!

அப்ப எங்க வூடு நந்தனத்துக்குப் பின்னால, ஆத்தோரம். இப்ப அங்க ஒண்ணும் கெடையாது, எங்கள எல்லாம் ஊருக்கு வெளிய தூக்கிப் போட்டுட்டாங்க, அது வேற கதை. எனக்கு ஏழு வயசு இருக்கும். மஞ்சக்காமால வந்து, அப்பதான் எழுந்து நடமாடிக்கினு இருந்தேன். ஒரு வாத்தியாரு பெரிய பெரிய பேப்பருங்கள கக்கத்துல வச்சிக்கினு வூடு வூடா வந்தாரு. வெயிலுன்னா அப்பிடி ஒரு வெயிலு. அம்மா ஒரு சொம்பு தண்ணி குடுத்துச்சு.

எத்தினி புள்ளைங்கன்னு கேட்டாரு. அம்மா, "மூணு சார்"னுது. அண்ணன், அக்கா, தம்பின்னு பேருங்கள சொல்லிச்சு. நாங்க நாலு பேரு! நான் கதவுக்குப் பின்னால நின்னுகினு, அடுத்தது நானு, அடுத்தது நானுன்னு பாத்துக்கினே கீறேன். அவரு பேப்பர மடிச்சிக்கினு போயிட்டாரு.

என் அண்ணன் எப்பவும் சொல்வான், "ஏய், உன்ன தவுட்டுக்குத்தான் வாங்குனாங்க"ன்னு. நெசம்தான் போலன்னு நெனச்சேன். புடிச்சேன் ஓட்டம்.

வாத்தியாரு பக்கத்து வூட்டு பாயம்மா வாசல்ல குந்தி எழுதிக்கினு இருந்தாரு. அவங்க வூட்டுல உருது பேசுவாங்க. பெருநாளுக்கு அவங்க குடுத்தனுப்புற பிரியாணி இருக்கே... சரி, அத வுடு. "சார், என்ன எழுதல சார்!"னு அழுதேன். பேரு, வயசு கேட்டாரு. "வூட்டுல இன்னா பாஷை?"ன்னாரு.

தெரியல சார்னேன். பேசறதுக்கு ஒரு பேரு கீதுன்னே எனக்குத் தெரியாது. ஊரே அப்பிடித்தான் பேசுது, அதுக்கு எதுக்குப் பேரு? பாயம்மாக்கு சிரிப்பு தாங்கல. "அடி போடி! எங்க பாஷைக்குப் பேரு கீது, உங்களதுக்கு இல்லியா? தமிழுன்னு சொல்லு!" சொன்னேன். எழுதிட்டாரு. எனக்குத் தலகாலு புரியல.

அதுக்குள்ள அம்மா முடிய அள்ளி முடிஞ்சிக்கினு ஓடியாந்துச்சு. என் பேர எழுதியாச்சுன்னு தெரிஞ்சதும் அவரு கால்லியே வுழப் போச்சு. "இது பேர மட்டும் அடிச்சிடு சார், உனக்குப் புண்ணியமாப் போவும்!"

"மையில எழுதிட்டேம்மா, அடிக்கக் கூடாது"ன்னாரு.

அம்மா அங்கியே தலையில கைய வச்சிக்கினு குந்திடுச்சு. அப்பால வூட்டுக்கு இஸ்துக்கினு போயி, உப்பும் மொளகாயும் என்ன சுத்தி அடுப்புல போட்டுச்சு.

எனக்கு மேல ரெண்டு பொறந்து செத்துருக்குது. யாரோ வெரல் வுட்டு எண்ணிட்டுப் போனாங்க, அந்த வாரமே போச்சுன்னு அம்மா கடைசி வரிக்கும் நம்பிச்சு. அதனால எந்தப் புள்ள தங்குமோ தங்காதோன்னு பயமோ, அந்தப் புள்ளைய மட்டும் யாருக்கும் கணக்குல சொல்லாது. இது எனக்குக் கல்யாணம் ஆன பின்னாலதான் தெரியும்.

அன்னிக்கு என் காதுல வுழுந்தது "அடிச்சிடு"ன்னது மட்டும்தான். ரெண்டு நாளு அம்மா சோத்த உருட்டி வச்சிக்கினு என் பின்னாலியே சுத்திச்சு. நான் வாயே தொறக்கல.