மூளி வாயும் சிவப்பு வெளிச்சமும்

வெறும் ரசம் வாயை எரிக்கிறது என்று நான் சொன்னபோது, மிளகைத் தூக்கலாகப் போட்டுவிட்டேனோ என்று என் வீட்டுக்காரர் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். எனக்கு நெஞ்சில் ஆப்பரேஷன் ஆனதிலிருந்து கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையல் அவர் கையில்தான். துறைமுகத்தில் லோரி ஓட்டிய கை, உப்பு உறைப்பெல்லாம் கொஞ்சம் தாராளம். மறுநாள் மிளகே இல்லாமல் வைத்தார். அதுவும் எரிந்தது.

குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மேல் பல்செட்டைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணம் முழுக்கத் தோலுரித்த மாதிரிச் சிவந்திருந்தது. பல்செட் உட்காரும் இடம் மட்டும், கோடு போட்டதுபோல. கேன்சர் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சியைக் குடித்துக்கொண்டு, சாமி அறையில் உட்கார்ந்து அழுதேன்.

தாழ் போட்டதற்குக் காரணம் உண்டு. என் மேல் பற்கள் முழுவதும் போய்ப் பல வருஷமாகியும், பல்லில்லாத என் வாயை அவர் பார்த்தது கிடையாது. கட்டிக்கொண்டவள் கழுத்திலும் காதிலும் நெற்றியிலும் மூளியாக நிற்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். தூங்கும்போதுகூடத் தோட்டைக் கழற்றியதில்லை. அந்தக் கணக்கில் நானாகப் பல்லையும் சேர்த்துக்கொண்டேன். இரவும் பகலும் பல்செட் வாயிலேயே இருக்கும். விடிவதற்கு முன் எழுந்து, கதவைச் சாத்திக் கழுவி, மாட்டிக்கொண்டு வெளியே வருவேன்.

வீட்டருகே ஒரு கிளினிக்கில் கொடுத்த சொட்டு மருந்தில் எரிச்சல் அடங்கியது, பிறகு திரும்பி வந்தது. கடைசியில் அவர்தான் என்னைக் கொம்யூட்டர் ரயிலில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போனார். பல் டாக்டர் தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். வாயைப் பார்த்தார், கொஞ்சம் சுரண்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று முதல் வேலையாக அதைத்தான் சொன்னார்.

"ஆன்டி, பயப்படாதீங்க லா. கேன்சர் இல்ல. ஃபங்கஸ். காளான் ஜாதி. பல்செட்டுக்கு அடியில ஈரமா, சூடா இருக்குல்ல, அங்க குடும்பம் நடத்துது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. காளான்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

வழக்கமாகப் பூசும் களிம்பு எனக்கு ஆகாது என்றார். ரத்தம் கட்டாமலிருக்க நான் சாப்பிடும் மாத்திரையோடு அது ஒத்துப்போகாதாம். அதனால் வெளிச்சம் வைத்துப் பார்க்கலாம் என்றார். நீலச் சாயம் ஒன்றை அண்ணத்தில் தடவினார். கிருமி அதை உறிஞ்சட்டும் என்று சற்று நேரம் உட்காரவைத்தார். எனக்கும் அவருக்கும் கறுப்புக் கண்ணாடி. பேனா போன்ற கருவியிலிருந்து சிவப்பு வெளிச்சம் வந்தது, எங்கள் சாமி அறையில் எரியும் சின்னச் சிவப்பு பல்புபோல.

"சாயம் மட்டும் ஒண்ணும் செய்யாது. லைட் மட்டும் ஒண்ணும் செய்யாது. ரெண்டும் சேர்ந்தாதான் அதுக்குச் சாவு," என்றார்.

வலியே இல்லை. சில முறை போனதும் ரசம் இறங்கியது. மிளகாய்ச் சம்பாலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் அளவுக்குத் துணிச்சலும் வந்தது. நைட்ல பல்செட்டைக் கழட்டிருங்க ஆன்டி என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் தலையை ஆட்டுவேன். இத்தனை வெளிச்சம் அடித்த பிறகு அது என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான். மறுபடி எரிந்தது.

இந்த முறை டாக்டருக்குக் கோபம். "நீங்க கழட்டல, எனக்குத் தெரியுது. இப்படியே போட்டுட்டுத் தூங்கினா நான் எத்தனை தடவ லைட் வச்சாலும் வேஸ்ட் ஆன்டி. திரும்பத் திரும்ப வரும்." திட்டிக்கொண்டே அண்ணத்தில் மறுபடி சாயம் தடவி வெளிச்சம் வைத்தார். பல்செட்டும் தளர்ந்துவிட்டது, சரிசெய்து அதற்கும் சாயம் போட்டு வெளிச்சம் காட்ட வேண்டும், மத்தியானம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பிடுங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே என் வீட்டுக்காரர் காத்திருந்தார். நான் முகமூடியை மாட்டிக்கொண்டு வந்தேன். பசிக்குது, வா என்று நேரே வாழையிலைக் கடைக்குக் கூட்டிப்போனார். இலை விழுந்தது, சோறு விழுந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னாடி, சாப்பிடல?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ரொம்ப வலிக்குதா? டாக்டர் ஏதும் வேற மாதிரி சொல்லிட்டாங்களா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் சாமி அறையில் பயந்த அதே பயம் அவருக்கும் உள்ளே ஓடியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்த வீராப்பும் நிற்கவில்லை. முகமூடியை இறக்கினேன். "ஒண்ணுமில்லங்க. பல்லு டாக்டர்கிட்ட இருக்கு," என்றேன். பாதிச் சொல் காற்றாகப் போனது.

பார்த்தார். உதடு, நாக்கு, அண்ணம் எல்லாம் நீலம். மேலே ஒரு பல் கிடையாது.

"சிவபெருமானுக்குக்கூடத் தொண்டையோட நின்னுச்சு. உனக்கு வாய் முழுக்கவா?" என்று சொல்லிவிட்டு, கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் சோற்றில் தயிரை விட்டு, தன் கையாலேயே மசித்து என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கா இத்தன வருஷம் கதவைச் சாத்துன?" என்றார்.

"மூளியா இருக்கக் கூடாதுன்னு..." என்று இழுத்தேன்.

தயிர்ச்சோறு அன்று அவ்வளவு ருசியாக இருந்தது. மத்தியானம் பல்செட்டை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் அவர் ஒரு கடையில் நுழைந்து எதையோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று படுக்கப் போனபோது கட்டில் பக்கத்து மேசையில் மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று, தண்ணீர் ஊற்றித் தயாராக இருந்தது. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் செய்வதுபோல, மூடியின் நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்.

"பொட்டு வச்சாச்சு. இனி மூளி இல்ல. கழட்டு," என்றார்.

அவர் பார்க்கவே கழற்றினேன்.