புறா இறகுத் தலையணை

கெசையா தீக்கரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவேன். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் இருமல், அவள் அம்மா டமாரிஸோடு போடும் சண்டை, தேநீர்க் கெட்டிலை நங்கென்று வைக்கும் சத்தம் எல்லாம் எனக்கு வந்து சேரும். எங்கள் மீன்பிடி ஊரான ஸ்கார்விக்கில் வீடுகள் பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. மனிதர்களும் அப்படித்தான்.

மட்டி உரித்துத் தூண்டிலில் கோப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வாய்க்கும் ஈடு கிடையாது. மீன் கூடையோடு எதிரே வந்தால் பெரிய படகுக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். கல்யாணம் கிடையாது, சிரிப்பு கிடையாது, கோயிலில் கடைசி பெஞ்சு.

கல்யாண வயதில், ஹெர்ரிங் மீன் பருவத்துக்கு வந்த ஸ்காட்லாந்துப் படகுக்காரன் ஒருவனை நம்பினாள். மீனும் போனது, படகும் போனது, வயிறு மட்டும் தங்கியது. பிரசவ நாளில் நான் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன். கெசையா கத்தினாள். குழந்தை கத்தவில்லை. அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் டமாரிஸ் குழந்தையை எங்கோ எடுத்துப் போய்விட்டாள். புதைத்துவிட்டேன் என்றாள். எங்கே என்று மகள் கேட்டதற்கெல்லாம் "கேக்காதே" என்பதுதான் பதில்.

ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. பாதிரியார் ஜெபம் சொல்லவும் மாட்டார். ஜெபம் இல்லாமல் மண்ணுக்குள் போனது அழுதுகொண்டே இருக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கெசையாவுக்கு அது கேட்டது, அதுவும் எங்கள் பொதுச் சுவருக்குள்ளிருந்து.

"ஜெமைமாக்கா, உனக்குக் கேக்குதா?" என்று சுவரைத் தட்டுவாள்.

நான் அடுப்புக் கம்பியால் திருப்பி அடிப்பேன். "கேக்குதுடி, உன் கத்தல்தான்! தூங்க விடு!"

கையில் ஒரு கழி வைத்திருப்பாள். பாறை ஓரம், தொழுவத்துப் பின்பக்கம், கல்லறைத் தோட்டத்தின் வெளிச்சுவர் என்று எங்கே மண் இளகித் தெரிந்தாலும் குத்திப் பார்ப்பாள். தெருப்பிள்ளைகள் அவளுக்கு மண்குத்தி என்று பெயர் வைத்தார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். தலை நரைத்த பிறகும் அவள் குத்துவதை நிறுத்தவில்லை.

எனக்கு அவள் அம்மாவோடுதான் பகை. அந்தக் குழந்தை பிறந்த அதே வாரம் என் புருஷன் ஜேபஸ் படகு கவிழ்ந்து போனார். கரையிலிருந்து தூக்கி வந்தவர்கள், முகம் தூங்குகிறவர் முகம் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஊரில் பிணம் கழுவித் துணி உடுத்திவிடுகிறவள் டமாரிஸ். அவர் ஞாயிற்றுக்கிழமை கட்டும் சிவப்புக் கழுத்துத் துணியை எடுக்க நான் மாடிக்குப் போய் வருவதற்குள் பெட்டிக்கு மூடி போட்டு ஆணியும் அடித்துவிட்டாள்.

"பாக்காதே ஜெமைமா, மீன் கொத்தின முகம்" என்றாள்.

பொய் என்று தெரியும். ஆனால் சுத்தியல் அவள் கையில், ஊர்வலக்காரர்கள் வாசலில். அன்றையிலிருந்து ஜேபஸ் என் கனவில் வந்தால் முதுகைக் காட்டித்தான் நிற்பார். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். மகாராணியே புருஷனுக்காகக் கட்டிய கறுப்பைக் கழற்றாத காலம் இது. நானும் கழற்றவில்லை. டமாரிஸிடம் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் டமாரிஸ் படுத்துவிட்டாள். கடல் இறங்கும்போதுதான் உயிரும் இறங்கும் என்பது எங்கள் கணக்கு. ஒவ்வொரு முறை கடல் இறங்கும்போதும் தெருப் பெண்கள் கறுப்புச் சால்வையை எடுத்து வைப்பார்கள். கடல் திரும்ப ஏறிவிடும், அவள் மட்டும் இழுத்துக்கொண்டே கிடப்பாள். அந்த மூச்சு சுவரைத் தாண்டி வரும். ஈர மரத்தை அறுக்கிற சத்தம். எனக்கு ஆகாதவள்தான், இருந்தாலும் நாயைக்கூட அப்படிக் கிடக்க விடக் கூடாது.

ஒரு மத்தியானம் அவர்கள் வாசற்படியில் இறகுகள் கிடந்ததைப் பார்த்தேன். வாத்து இறகில்லை, கோழி இறகில்லை. கழுத்துப் பக்கத்துப் பச்சை மினுக்கோடு சாம்பல் நிறம். புறா!

எங்கள் ஊரில் இதைத் தெரியாதவர் கிடையாது. புறா இறகு அடைத்த தலையணையில் தலை வைத்தால் உயிர் பிரியாது. கடலுக்குப் போன மகன் வந்து முகம் பார்க்கட்டும் என்று ஒரு நாள் இரண்டு நாள் வைப்பார்கள். அவன் வந்ததும் தலையணையை உருவிவிடுவார்கள். டமாரிஸுக்குக் கெசையாவைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

எதிர் வீட்டு டோர்கஸைக் கூட்டிக்கொண்டு நேரே உள்ளே போனேன்.

"யாரு வரணும்னு உங்கம்மாவைப் புடிச்சு வச்சிருக்கே?" என்றேன்.

"யாரும் வர வேண்டாம்" என்றாள் கெசையா. "ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டுப் போகட்டும்."

"அடிப்பாவி, பெத்த தாயிடீ!" என்றாள் டோர்கஸ்.

"நானும் பெத்தேன்."

நான் கட்டிலை நெருங்கினேன். கெசையா அந்தக் கழியைக் குறுக்கே நீட்டினாள்.

"தலையணையைத் தொட்டே, கையை ஒடிப்பேன்."

"ஒடிடி பாக்கலாம்! மண்ணைக் குத்திக் குத்தி மனசும் மண்ணாப் போச்சா?"

என் குரல் கேட்டு டமாரிஸ் கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஜெமைமா... மூடி."

"என்ன மூடி?"

"உன் வீட்டுக்காரன் பெட்டி. நீ இறங்கி வரதுக்குள்ள அடிச்சேனே." மூச்சு வாங்கினாள். "அவன் முகம் நல்லாத்தான் இருந்துச்சு. வலது கைக்குள்ள வச்சேன், சின்னதை. பாதிரியார் ஜெபம் பண்ணினாரே, அவன் ஒருத்தனுக்குன்னு நெனச்சு. ரெண்டு பேருக்கும் சேந்துடுச்சு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு எது எங்கே என்று விளங்கவில்லை. அவளை அறையலாமென்று கை எழுந்தது. கட்டில் காலைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா சொல்லலே?" கெசையாவின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகியிருந்தது.

"சொன்னா நீ தோண்டியிருப்பே."

அது உண்மை. தோண்டித்தான் இருப்பாள்.

கழி கீழே விழுந்தது. கெசையா அம்மாவின் தலையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் தலையணையை உருவி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே கடல் இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் கெட்டில் கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வாயைத் தெறந்தே, உன் வீட்டுப் பக்கம் ஒரு மீன் வராது" என்று டோர்கஸை மிரட்டி அனுப்பினேன். பாதிரியார் காதுக்குப் போனால் குழியைத் திறக்கச் சொல்வார். என் புருஷனை எவனும் கிளறக் கூடாது. கெசையா மேல் இரக்கப்பட்டுச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

டமாரிஸை அடக்கம் செய்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜேபஸின் கல்லறைக்குப் போனேன். எனக்கு முன்பே கெசையா வந்து நின்றிருந்தாள். கழி இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன்.

"இது என் புருஷன் குழி" என்றேன்.

"தெரியும். வலது கை எந்தப் பக்கம்?"

"கால் கிழக்கே. வலது கை தெக்கே. வடக்குப் பக்கம் எனக்கு வச்சிருக்கு, அதுல உக்காராதே."

தெற்குப் பக்கம் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் முகமே மாறிப் போய் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எங்கேன்னுதான் கேட்டேன். இத்தனை வருஷமும் அதையேதான் கேட்டேன். பொண்ணா பையனான்னு கேக்கவே இல்லையே. தலையணையை உருவிட்டேனே!"

ஏதாவது ஒன்றைச் சொல்லி வைத்திருக்கலாம். எனக்குப் பொய் வராது.

"என்னைக் கேட்டா? நானா பார்த்தேன்? உங்கம்மா மூடியைத் தெறந்து வச்சிருந்தா பார்த்திருப்பேன். அவரையும் பார்த்திருப்பேன், அதையும் பார்த்திருப்பேன். இன்னிக்கு உனக்குச் சொல்லியிருப்பேன்."

"பாவி" என்றாள் கெசையா.

"படுபாவி" என்றேன் நான்.

"ஒரு தடவை என் கையில குடுத்திருக்கலாம்."

"ஒரு தடவை மொகத்தைப் பாக்க விட்டிருக்கலாம்."

கோயில் மணி அடித்து, உள்ளே பாட்டு ஆரம்பமாகிவிட்டது. நாங்கள் போகவில்லை. அவள் தெற்கிலும் நான் வடக்கிலுமாக உட்கார்ந்து, புது மண்ணுக்குள் கிடந்த டமாரிஸை வாய் வலிக்கத் திட்டினோம். இப்போதும் ஞாயிறு ஞாயிறு அதற்குத்தான் போகிறோம். வேறு எதிலும் எங்களுக்கு ஒத்துப்போவதில்லை.