செல்லபாய் வெட்டிய ஒரு முழம்

செல்லபாயை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுடைய கீரையைத் தின்றிருப்பீர்கள். கரமனை அக்ரகாரத் தெருக்களில் காலை ஆறரை மணிக்கு ஆளை எழுப்பிவிடுகிற அந்தக் கீரைச் சத்தம் அவளுடையதுதான். கரமனை ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால், பாச்சல்லூர் பக்கம், ஆற்றங்கரையில் அவளுக்குப் பதினைந்து சென்ட் நிலமும் ஒரு வீடும் உண்டு. நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. ஐம்பத்திரண்டு வயதில் அவள் நடக்கிற நடைக்கு நான் ஓடினாலும் ஈடுகொடுக்க முடியாது.

ஆற்றோடு வாய்விட்டுச் சண்டை போடுகிற ஒரே ஆளும் அவள்தான். கரை இடிந்து ஒரு பாத்தி ஆற்றோடு போனால் அன்று முழுக்க ஆற்றுக்கு வசவு. மழை விட்டதும் அதே ஆறு கறுப்பு வண்டலைக் கொண்டுவந்து பரப்பிவிட்டுப் போனால், புத்தி வந்ததா என்று அதனிடமே கேட்பாள்.

கோடையில் எங்கள் ஆற்றுக்கு வாய் அடைத்துவிடும். தண்ணீர் குறைந்ததும் அலை மணலைத் தள்ளித் தள்ளி ஆற்றுக்குக் குறுக்கே ஒரு மேடு போட்டுவிடும். அந்த இடத்தைப் பொழி என்போம். மழை தொடங்கினால் ஆற்றுநீர் கடலுக்குப் போக வழியில்லாமல் திரும்பி எங்கள் முற்றத்துக்கு வந்து நிற்கும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் பொழியை வெட்டித் திறக்க வேண்டும்.

இந்த ஜூனில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் செல்லபாய் வீட்டு அடுக்களைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். என் வீடு சிமென்ட் வீடு, சமாளித்துக்கொள்ளும். அவள் வீட்டு வடக்குச் சுவர் சுடாத மண்கட்டையில் கட்டியது. போன ஆண்டு இதே மாதிரித் தண்ணீர் ஒரு ராத்திரி நின்றதில் அவளுடைய ஆட்டுக்கொட்டில் நனைந்த வெல்லம்போல உட்கார்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பொழி திறக்காவிட்டால் சுவர் நிற்காது, சுவர் போனால் கூரையும் வரும். அவளுடைய வீட்டுக்காரர் தாசையன் சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

பொழி வெட்ட நீர்ப்பாசன ஆபீஸிலிருந்து ஜேசிபி வந்திருந்தது. ஓட்டி வந்தவன் விஜய்குமார், நாகர்கோவில் பக்கத்துப் பையன், முப்பது வயதிருக்கும். ஆறு மீட்டர் அகலத்தில் வெட்டச் சொல்லி அவனுக்கு உத்தரவு. பாவம், குறை சொல்ல முடியாத வேலைக்காரன். காலை பத்து மணிக்குள் ஒரு சாலை போடலாம் என்கிற அளவுக்கு அகலமாக வெட்டிவிட்டான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஆற்றுநீர் அதில் பரவி, தரை நனைகிற மாதிரி மெதுவாகப் போனது. எதிரே கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒவ்வோர் அலையும் ஒரு கூடை மணலைக் கொண்டுவந்து போட, மெதுவாகப் போகிற தண்ணீருக்கு அதைத் தள்ளத் தெம்பில்லை. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் பழையபடி மேடு.

விஜய்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இன்னும் அகலமாக வெட்டினால் சரியாகும் என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். செல்லபாய்க்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருடமாக அவள் கீரைப் பாத்திக்கு வாய்க்கால் வெட்டுகிறவள். அகலமான வாய்க்காலில் தண்ணீர் சோம்பிப்போய் மண்ணைக் கீழே போட்டுவிடும், ஒடுக்கமாக வெட்டினால் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். கடல் இறங்கத் தொடங்குகிற இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு பொழியில் இறங்கிவிட்டாள்.

விஜய்குமார் தடுத்துப் பார்த்தான். "அக்கா, ஆறு மீட்டர் வெட்டணும்னாக்கும் எனக்கு ஆர்டர்."

"ஒரு முழம் மதி மக்கா, அது போதும். மீதிய ஆறு வெட்டிக்கிடும்."

நான் குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருவர் இருவராக ஆட்கள் இறங்கினார்கள். கடைசியில் விஜய்குமாரும் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு வந்து ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். கடல் பக்கமிருந்து ஆற்றை நோக்கி ஒரு முழ அகலத்தில், இடுப்பளவு ஆழத்தில் வெட்டிக்கொண்டே வந்தார்கள். மூன்றரை மணிக்கு ஆற்றோரத்தில் ஒரு வரப்பளவு மண் மட்டும் பாக்கி. எல்லோரும் வீட்டுப் பக்கக் கரைக்குப் போங்கள் என்று செல்லபாய் விரட்டினாள். போனோம். கடைசி மண்ணை அவளே வெட்டினாள்.

முதலில் சாயத்தண்ணீர்போல ஒரு நூல் ஓடியது. இதற்கா இத்தனை பாடு என்று எனக்குத் தோன்றியது. நான் அப்படி நினைத்து முடிப்பதற்குள் நூல் கயிறாகி, கயிறு வெள்ளமாகிவிட்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் அடிமண்ணைக் குடைய, மேல்மணல் பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. விழுந்ததெல்லாம் கரைந்து கடலுக்கு ஓடியது. ஒரு முழம் எட்டு முழமானது. பத்து நிமிடத்தில் ஒரு பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தலாம், அரைமணியில் நாலு பஸ்ஸை நிறுத்தலாம். காலடியில் தரை அதிர்ந்தது. பின்னால் போ, பின்னால் போ என்று விஜய்குமார் எங்களைத் தள்ளிக்கொண்டே சிரித்தான். கடலில் ஒரு பர்லாங் தூரத்துக்குச் செம்மண் நிறம் பரவுவதைப் பார்த்து நானும் குடையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷக் கூச்சல் நான் போட்டதில்லை.

அப்போதுதான் செல்லபாய் எங்கே என்று பார்த்தோம். ஊரையே இந்தப் பக்கம் விரட்டியவள் தான் மட்டும் எதிர்க்கரையில், பூந்துறைப் பக்கம், மண்வெட்டியோடு நின்று குதித்துக்கொண்டிருந்தாள். நடுவே ஆறு பாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் குதிப்பது நின்றது. வீட்டுப் பக்கம் கைநீட்டி ஏதோ கேட்டாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் போன் காலையிலேயே தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ரோட்டைப் பார்த்து ஓடுவது தெரிந்தது. திருவல்லம் பாலம் சுற்றி வந்தால்தான் வீடு.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தாசையன் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. படி தெரிந்தது, அம்மிக்கல் தெரிந்தது, கடைசியில் தரை தெரிந்தது. சுவரின் அடியில் இரண்டு வரிசைக் கட்டை உப்பி, பூச்சு உதிர்ந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தண்ணீர் நின்றிருந்தால் சுவர் போயிருக்கும்.

ஐந்தரைக்குச் செல்லபாய் வந்தாள், தலை முதல் கால்வரை மணலோடு. எந்த ஆட்டோவும் ஏற்றவில்லையாம், பாதி தூரம் ஓடியும் பாதி தூரம் நடந்தும் வந்திருக்கிறாள். இத்தனை வாய் பேசுகிறவள் முற்றத்தைத் தாண்டி உள்ளே வரப் பயந்து, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"சுவரு நிக்குதா?"

தாசையன் முற்றத்தில் இறங்கினார். போய் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். ஈர மண் அவள் விரல்களில் ஒட்டியது. அவள் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். சுவர் அசையவில்லை.

"நிக்குது" என்றாள். சொல்லிவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.