கதவிடுக்கில் ஒரு செருப்பு

மடிப்பு அக்கா என்று சொன்னால்தான் அந்தச் சலவைக்கூடத்தில் ஆளைக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளைத் துவைத்து, நீராவி இயந்திரத்தில் தேய்த்து, மடித்து அடுக்குகிற இடம் அது. பதினெட்டு வருஷமாக மடிக்கிறாள். அவள் மடித்த விளிம்பில் விரலை வைத்தால் ரத்தம் வரும் என்று கேலி செய்வார்கள். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவளுக்குப் பெயர் சுத்தம். கீழே எது கிடந்தாலும் எடுத்து அதனதன் இடத்தில் வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் காலையில் மடிப்பு அக்கா மட்டும் உள்ளே இருந்தபோது, தலைக்கு மேலே போன நீராவிக் குழாய் வெடித்தது. அறை முழுக்க வெள்ளை. கதவு தானாகச் சாத்திக்கொள்கிற ரகம். அன்றைக்குப் பார்த்து இறுகிக்கொண்டது. வெளியே இருந்தவர்கள் கடப்பாரையால் நெம்பித் திறப்பதற்குள் இடது கை வெந்துவிட்டது. கை இரண்டு மாதத்தில் ஆறியது. ஆள்தான் ஆறவில்லை.

எதுவும் புஸ்ஸென்றால் போதும், வாசலுக்கு ஓடிவிடுவாள். அவள் கணவர் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டார். கதவைச் சாத்திக் குளிக்க முடியவில்லை. ஒரு கை அகலம் திறந்து வைத்துக் குளிப்பாள். அவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும்படி செய்தித்தாளை உரக்கப் படிப்பார். படுத்தால் நெஞ்சை அடைத்தது. உட்கார்ந்தபடியேதான் தூக்கம்.

சூப்பர்வைசர் அவளை வெளிக்கொட்டகையில் துணிகளுக்கு அட்டை ஒட்டப் போட்டார்.

"உட்கார்ந்த வேலை. ராணி மாதிரி இருக்கலாமேக்கா."

"ராணிக்கு அட்டை ஒட்டுற வேலை எதுக்கு? நான் மடிக்கிறவ சார். என் இடம் உள்ள."

"அப்படின்னா மூணு மாசம் டைம். அதுக்குள்ள உள்ள வந்து நில்லுங்க. இல்லன்னா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

கைக்கு மருந்து கட்டிய நர்ஸ்தான் விஷயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் யோகா வகுப்பு நடக்கிறது. இப்படி அடிபட்டு மனசு பதறிப்போனவர்களுக்கென்றே நடக்கிறது என்று. 'உடம்பை முறுக்கினால் பயம் போய்விடுமாக்கும்' என்று முனகிக்கொண்டேதான் மடிப்பு அக்கா படியேறினாள். வேறு வழி?

அந்த டீச்சர் வாயைத் திறந்தால் 'வேணும்னா' இல்லாமல் பேச்சே வராது. "கண்ணை மூடிக்கலாம், வேணும்னா. திறந்தே வெச்சிருந்தாலும் சரி. படுக்கலாம், நாற்காலியில உட்காரலாம், எது தோதோ அது."

மடிப்பு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, செய்யணுமா வேண்டாமா? ஒண்ணைச் சொல்லித் தொலை. நாங்க சொன்னதைச் செஞ்சே பழகினவங்க."

"அதனாலதான்க்கா சொல்ல மாட்டேங்கிறேன். உங்க உடம்புக்கு நீங்கதான் சூப்பர்வைசர்."

முதல் இரண்டு வாரம் அவள் ஒன்றுமே செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கதவையே முறைத்துக்கொண்டிருந்தாள். காற்றில் அது ஆடுந்தோறும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். மூன்றாவது வாரம் எழுந்து போய், வலதுகால் செருப்பைக் கழற்றிக் கதவுக்கு அடியில் செருகினாள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து, தொடாமல், தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் காலுக்குக் கீழ என்ன தெரியுதுக்கா?"

"தரை."

"எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? சில்லுனு இருக்கு."

"இன்னைக்கு அது போதும்."

வீட்டில் கணவர் கேட்டுவிட்டு, "தரை சில்லுனு இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு மணி நேரமா?" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொல்கிறேன், குழாய் வெடித்த நாளிலிருந்து அவளுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூச்சை எண்ணச் சொன்னபோது நெஞ்சு இன்னும் அடைத்தது. நேராகவே சொல்லிவிட்டாள். "சரி, அதை விட்டுடுவோம்" என்று டீச்சர் ஒரு போர்வையைக் கொண்டுவந்தாள். "நீங்க எப்படி மடிப்பீங்கன்னு காட்டுங்க." ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பின்னால் போ, இழு, கையைத் தூக்கு, முன்னால் வா, மூலையோடு மூலை சேர். பத்துத் தடவை மடித்துப் பிரித்தார்கள். கை ஏறும்போது மூச்சு உள்ளே போனது, இறங்கும்போது வெளியே வந்தது. யாரும் எண்ணவில்லை.

"என்னம்மா நீ, மூலையைக் கோட்டை விடறியே! உன்னை வேலைக்கு வெச்சா ஆஸ்பத்திரி உருப்பட்டாப்பலதான்" என்று மடிப்பு அக்கா டீச்சரையே அதட்டினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒருநாள் டீச்சர் வரவில்லை. அவளுக்குப் பதிலாக வேறொருத்தி வந்தாள். வராந்தாவில் இரைச்சல் என்று செருப்பை எடுத்து வெளியே வைத்துக் கதவைச் சாத்தினாள். மடிப்பு அக்கா அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்குத்தான் தைரியமாக முதல்முறை மல்லாந்து படுத்திருந்தாள். வந்தவள் தலைமாட்டிலிருந்து குனிந்து, "தளர்த்துங்க" என்று தோளை அமுக்கினாள். அவ்வளவுதான். தலையணை பறந்துபோய் வந்தவள் முகத்தில் விழுந்தது. மடிப்பு அக்கா ஒற்றைச் செருப்போடு இரண்டு மாடியும் இறங்கித் தெருவில் வந்துதான் நின்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் டீச்சரே கொட்டகைக்கு வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய வலதுகால் செருப்பு.

"மன்னிச்சிடுங்கக்கா. கேக்காமத் தொட்டது தப்பு, கதவைச் சாத்தினதும் தப்பு. நான் முன்னாடியே சொல்லிட்டுப் போயிருக்கணும். திரும்ப வாங்கன்னு சொல்ல வரல. செருப்பைக் கொடுக்கத்தான் வந்தேன்."

"வேணும்னா வரலாம், அதானே?"

டீச்சர் சிரித்தாள். மடிப்பு அக்கா அட்டை ஒட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் மறுநாள் போனாள். யாரோ ஒருத்தி அமுக்கினாள் என்பதற்காக வகுப்பில் தன் கதவோரத்து இடத்தை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? அன்றைக்கு முழுசாகப் படுக்கவில்லை. பக்கவாட்டில், கதவைப் பார்த்தபடி படுத்தாள். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மூன்று மாதக் கெடு முடிகிற நாள் வந்தது. மடிப்பு அக்கா சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"உள்ள வரேன். கதவு திறந்திருக்கணும்."

"அனல் எல்லாம் வெளிய போயிடும்க்கா. ரூல் இருக்கு."

"திறந்திருந்தா நான் மடிக்கிறேன். சாத்தணும்னா நீங்க வந்து மடிங்க."

சூப்பர்வைசர் ஒருமுறை மடித்த விரிப்பை ஊரே பார்த்திருக்கிறது. தலையாட்டினார்.

செருப்பைச் செருகினாள். இயந்திரம் புஸ்ஸென்றது. வெறுங்கால் தரையை அழுத்தியது. இங்கே சில்லென்று இல்லை, வெதுவெதுப்பாக ஈரமாக இருந்தது. சுத்தம் எதிரே நின்று மறுமுனையைப் பிடித்தாள். ஒன்பது விரிப்பு மடித்தார்கள். அடுத்த வண்டியைத் தள்ளிவரச் சுத்தம் வெளியே போனாள். திரும்பி வரும்போது வழியில் செருப்பு கிடந்தது. அவள் கை சும்மா இருக்குமா? எடுத்து வெளியே செருப்பு வைக்கிற பலகையில் ஒழுங்காக வைத்துவிட்டு, வண்டியை உள்ளே தள்ளினாள்.

டப்பென்று கதவு சாத்திக்கொண்டது. அதே நேரம் புஸ்.

"ஐயையோ அக்கா!" சுத்தம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மடிப்பு அக்காவின் கையில் பத்தாவது விரிப்பின் இரண்டு மூலைகள். வெறுங்காலை அழுத்தி ஊன்றினாள். "தரை" என்றாள் சத்தமாக. "ஈரமா இருக்கு." துவைத்த விரிப்பைக் கீழே போட்டுப் பழக்கமில்லை, மேஜைமேல் கிடத்தினாள். ஏழு அடி நடந்தாள், ஓடவில்லை. தோளால் கதவைத் தள்ளினாள்.

கதவு திறந்தது.

பலகையிலிருந்து செருப்பை எடுத்துவந்து மறுபடி செருகிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பினாள்.

"ஏண்டி, இன்னொரு தடவை என் செருப்பைத் தொட்டா இந்தக் கால் செருப்பு பேசும், பாத்துக்கோ. அழாத. மூலையைப் பிடி. இழு."

அன்று சாயங்காலம் குளிக்கப் போனாள். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "இன்னைக்குச் சாத்திக்கிறியா?"

"வேணும்னா சாத்திக்குவேன். நீங்க அந்த ரெண்டாம் பக்கத்தைப் படிங்க."