அண்ணனுக்கு ஒரு உருண்டைப் பந்து

இந்த ஊர் ரொட்டிக்கடையில் ரொட்டி வாங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "கேன்ஸா, த்ரேஸா?" பதினைந்து பேர் ஆடும் ரக்பியா, பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியா, நீ எந்தக் கட்சி என்று அர்த்தம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்த சித்தப்பா என்னைக் கூட்டிவந்து விட்ட இந்தத் தெற்கு பிரான்ஸ் ஊரில் சர்ச்சுக்குப் போகாதவன் உண்டு, கட்சி இல்லாதவன் கிடையாது. எனக்கு அறை வாடகைக்கு விட்ட மதாம் பதினைந்து. தொழிற்சாலையில் என்னோடு ஓடு அடுக்கும் ஆன்றி பதின்மூன்று. எதிரெதிர் வீடு, பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு ஆட்டத்திலும் முட்டை மாதிரிப் பந்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நம் உருண்டைப் பந்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் இருவரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

எங்கள் விழுப்புரத்து ரயில்வே மைதானத்தில் பந்து என்றால் ஊரே கூடும். திண்டிவனத்தில் சடுகுடுவுக்குத்தான் கூட்டம். ஒருமுறை என் அண்ணன் அங்கே பந்தாடப் போனான். பந்தோடு ஓடியவனின் காலை ஒரு திண்டிவனத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"யோவ், காலை வுடுய்யா. இது சடுகுடு இல்ல."

"மூச்சு வுட்டுட்ட இல்ல, நீ அவுட்டு."

"வுடலைன்னா உன்னையும் இழுத்துக்கினே போயி கோல் போடுவேன்."

சொன்னபடி இழுத்துக்கொண்டே போனான். கோல் விழவில்லை. டவுசர்தான் பாதி வழியில் நின்றுவிட்டது.

இங்கே முதலில் ரக்பி பார்த்த அன்று, "ஊர் முழுக்கத் திண்டிவனத்தான்" என்று அண்ணனுக்கு எழுதினேன். பதில் வரவில்லை, தந்தி வந்தது. காமாலை. என் கைக்கு அது வந்தபோது தகனமே முடிந்திருந்தது.

முதல் வருஷப் படையலில் அவனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். சோறும், வேர்க்கடலை வாங்கி மல்லாட்டைச் சட்னியும் செய்துவிட்டேன். பந்து இல்லாமல் அவன் வரமாட்டான். கடைகடையாகத் தேடினேன், எல்லாம் முட்டை. மதாமிடம் புலம்பினேன், ஆன்றியிடமும் புலம்பினேன். படையலன்று இருவரும் ஆளுக்கொரு முட்டையோடு வந்து நின்றார்கள்.

"நல்ல ஆட்டக்காரர்னா பதினஞ்சுதான்," என்றார் மதாம்.

"உழைச்ச ஆளு, மதாம். உழைக்கிறவங்க ஆட்டம் பதிமூணு," என்றார் ஆன்றி.

பல வருஷம் பேசாதவர்கள் என் அண்ணனை முன்னிட்டுப் பேசிவிட்டார்கள்.

"முசே, நீங்களே சொல்லுங்க. அவர் எந்தக் கட்சி?" என்று மதாம் என் பக்கம் திரும்பினார்.

"விழுப்புரம்," என்றேன்.

சோற்றுத் தட்டுக்கு இரண்டு பக்கமும் பந்துகளை வைத்துக் கற்பூரம் காட்டினேன். அண்ணன் வந்து சாப்பிட வேண்டுமே, கதவைச் சாத்திவிட்டு மூவரும் வெளியே நின்றோம். அதை விளக்க என் பிரெஞ்சு போதவில்லை. "அவர் சாப்பிடுகிறார்" என்று மட்டும் சொன்னேன். ஆன்றி தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ உருண்டுபோய்ச் சுவரில் மோதியது.

"எந்தப் பந்து?" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

நான் திறக்கவில்லை. திறந்தால் வாடகை அறைதான் இருக்கும். சாத்தியிருக்கும் வரை அது விழுப்புரம். கதவில் கை வைத்தபடி, "இருங்க, ஆடிக்கினு இருக்கான்," என்று தமிழிலேயே சொன்னேன். புரிந்தவர்கள் போல அவர்களும் காத்துக்கொண்டு நின்றார்கள்.